37-ஆம் வாரம் முதல்

மார்ச் 3
இன்றுடன் கர்ப்பத்தில் 37 வாரம் நிறைகிறது. அம்பாசமுத்திரத்தை அடுத்த தாய்வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகப்போகிறது. காலையில் எழுந்தபோது நெஞ்சுக்குக் கீழே இத்தனை நாளாக இருந்த இறுக்கம் தளர்ந்து, மூச்சு தாராளமாக வந்தது. அதற்கு ஈடாக அடிவயிறு கனத்து, அரைமணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. முற்றத்தில் நடந்த என்னைப் பார்த்ததுமே ஆச்சி, "வயிறு இறங்கிட்டு" என்றார். மாலையில் வந்த கிராம சுகாதாரச் செவிலியரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை இடுப்பெலும்புக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது என்றும், தலைப்பிரசவத்தில் இதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்றும் சொன்னார்.

மார்ச் 9
நேற்று இரவு 11 மணிக்கு வயிறு கல்லைப் போல இறுகியது. மறுபடி இறுகியது 12 நிமிடம் கழித்து; அடுத்தது 25 நிமிடத்தில், பிறகு 8 நிமிடத்தில். ஆச்சி இரும்புச் சட்டியில் சீரகத்தைக் கருக விடாமல் வறுத்து, தண்ணீர் ஊற்றி, அது பாதியாகச் சுண்டியதும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொடுத்தார். அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிரசவ வலி என்பது அவர் கணக்கு. குடித்துவிட்டு இடப்பக்கமாகப் படுத்தேன். ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஓய்வுக்கும் தண்ணீருக்கும் அடங்குவது பொய் வலியின் இயல்பு, மெய்யான வலியோ எதற்கும் நிற்காது என்பதால், ஆச்சியின் சோதனையில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால், 37 வாரத்துக்கு முன்னால் இப்படி விட்டு விட்டு வலித்தால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மார்ச் 14
மதியத்திலிருந்து குழந்தையின் அசைவு குறைந்திருந்தது. நான் முன்பு காட்டிவந்த தனியார் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, கடைசி மாதத்தில் உள்ளே இடம் போதாமல் அசைவு குறையத்தான் செய்யும் என்று பதில் வந்தது. அந்தப் பதில் தவறு. அசைவின் விதம் மாறலாமே தவிர, பிரசவம் வரைக்கும் அசைவு குறையக் கூடாது. அம்மா ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். வயிற்றில் பட்டையைக் கட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். சரியாக இருந்ததனால் அந்தப் பதில் சரியாகிவிடாது.

மார்ச் 18
சளி போன்ற கெட்டியான கசிவு, அதில் நூலிழை போல இளஞ்சிவப்புக் கீற்று. கருப்பை வாய் இளகும்போது அதை அடைத்திருந்த சளி வெளியேறுவது இது. வலி இல்லை. மாதவிடாய் போல ரத்தம் போனால்தான் உடனே ஓட வேண்டும்.

மார்ச் 20, அதிகாலை
2.10-க்கு முதுகின் அடியில் பிடித்த வலி முன்பக்கம் சுற்றி வந்தது. 2.22, 2.33, 2.42. நடந்தாலும் படுத்தாலும் நிற்கவில்லை. சீரகத் தண்ணீருக்கும் அசையவில்லை. 3.30 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். ஆச்சி ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார். வலி வந்ததும் என்னால் பதில் சொல்ல முடியாமல் போனதைப் பார்த்தவுடன் அம்மாவை எழுப்பிவிட்டார். 4.35-க்குப் பனிக்குடம் உடைந்தது. 108-ஐ அழைத்துவிட்டார்கள்.

மார்ச் 22
20-ஆம் தேதி பிற்பகல் பெண் குழந்தை பிறந்தது. 2 கிலோ 900 கிராம். அன்று பிரசவ அறை வாசலில் செவிலியர், வலி எப்போது தொடங்கியது, குடம் எத்தனை மணிக்கு உடைந்தது, தண்ணீர் தெளிவாக இருந்ததா, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்ததா, குழந்தை கடைசியாக எப்போது அசைந்தது என்று வரிசையாகக் கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அம்மா இந்த நோட்டை நீட்டினார். செவிலியர் நின்றபடியே நேரங்களைத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.