வல்லாரைப் பாத்தி: ஒரு மாரிகால நாட்குறிப்பு

2024 நவம்பர் 3, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. இரவு ஒன்பதரைக்கு ரோச் லைட்டுடன் கோடிப்புறம் போனேன். வல்லாரைப் பாத்தியில் மட்டும் 31. எல்லாம் ஓடில்லாத நத்தைகள். கறுத்து, தட்டையாய், நனைந்த தோல்வார்த் துண்டுகள் போலக் கிடந்தன. குட்டிகளின் முதுகில் நடுவே ஒரு வெளிறிய கோடு. அம்மா நட்ட பாத்தி அது. ஓர் இலையாவது முழு வட்டமாக இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரி. மூன்றாவது தடவை மருந்து ஏற்றினார்கள். திரும்பும்போது அம்மா ஓட்டோவில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். இரவு பாத்திக்குப் போகவில்லை.

நவம்பர் 6, புதன்

சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டார். "பிள்ளை, ஒரு பிடி வல்லாரை கிள்ளிச் சம்பல் போட்டுத் தா. அதோடு என்றால் நாலு வாய் இறங்கும்."

பச்சையாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் தந்த தாள் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. வறையாகச் சுண்டித் தருகிறேன் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கடைசியில் தேசிக்காய்ப் புளி. நாற்பது வருடங்களாக எங்கள் வீட்டில் வல்லாரைக்கு அடுப்புக் காட்டியதில்லை.

இரவு 27.

நவம்பர் 9, சனி

சாம்பல் தூவினேன். பாத்தியைச் சுற்றி நாலு விரல் அகலத்தில், அடுப்புச் சாம்பல் முழுவதையும் கொட்டினேன். காய்ந்த சாம்பலில் அவற்றின் வழுவழுப்பு ஒட்டிக்கொள்வதால் ஏறாது என்பது உண்மைதான். ஆனால் பத்தரைக்கு மழை வந்தது, பதினொன்றுக்குச் சாம்பல் சேறானது, அதற்கு மேலாலேயே நடந்து போயிருக்கின்றன. கோடையில் பலிக்கலாம். கோடையில் இவை மண்ணுக்குள் இறங்கிவிடும், அப்போது சாம்பலுக்கு வேலையே இல்லை.

பக்கத்து வளவு மாமி உப்பைத் தூவச் சொன்னார். ஆனையிறவு உப்பு ஒரு பை வீட்டில் இருக்கிறது. கையில் அள்ளிவிட்டு நின்றேன். உப்பு நத்தையைக் கொல்லும், மழையோடு மண்ணுக்குள்ளும் இறங்கும். எங்கள் ஒழுங்கையில் நன்னீர்க் கிணறு மிஞ்சியிருப்பது மூன்று வீடுகளில்தான். திருப்பிப் பைக்குள் போட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இடுக்கியும் வாளியும். வாளியில் உப்புத் தண்ணீர். 44.

வாளியை ஒழுங்கைக் கல்லில் ஊற்றினேன், வளவுக்குள் அல்ல.

நவம்பர் 12, செவ்வாய்

நித்திரை வரவில்லை. மூன்று மணிவரை வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்திருக்கக் கூடாது.

எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு. 1935 இல் சீனாவின் கன்ரன் நகரில் எலிகளில் கண்டு எழுதியிருக்கிறார்கள். எலியின் எச்சத்தோடு அதன் குடம்பி வெளியே வருகிறது, நத்தை அந்த எச்சத்தைத் தின்கிறது, குடம்பி நத்தையின் உடலில் தங்கிவிடுகிறது. இலையோடு ஒட்டியிருக்கும் கடுகளவு நத்தைக் குட்டியைத் தெரியாமல் பச்சையாக உண்டால் அது மனிதனின் மூளை உறைவரைக்கும் போகும். தலையிடி, கழுத்து விறைப்பு, காய்ச்சல். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையாகத் தேய்த்துக் கழுவினால் ஆபத்துக் குறையும், ஆனால் முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது.

வல்லாரை நிலத்தோடு படரும் இலை. நத்தை முட்டையிடுவதும் அதன் அடியில்தான். போன மாரியில் கிழமைக்கு மூன்று நாள் சம்பல் சாப்பிட்டோம். நானும்தான். ஒரே ஒரு தண்ணீரில் அலசியிருப்பேன்.

அம்மாவின் தலையிடி எப்போது தொடங்கியது என்று கணக்குப் பார்த்தேன். அது மருந்தின் தலையிடி. மருந்துக்கு முன்னால் இருக்கவில்லை. இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இனிமேல் வெறுங்கையால் ஒன்றையும் தொடமாட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

வாக்குப் போட்டுவிட்டு வந்தேன். அம்மாவும் வருவேன் என்று அடம்பிடித்தார், கூட்டிப்போகவில்லை. என் விரல் மையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

38.

நவம்பர் 15, வெள்ளி

பறுவம். மழை விட்ட வானம். வெளிச்சத்தில் அவை குறைவு, 12 தான்.

நவம்பர் 18, திங்கள்

வேலி அடைக்க வரும் அண்ணை ஒரு போத்தல் தென்னங்கள்ளுக் கொண்டுவந்து தந்தார். நான்கு சிரட்டைகளைப் பாத்தியின் நான்கு மூலைகளிலும் புதைத்து, விளிம்பு மண்ணுக்குச் சற்று மேலே நிற்கும்படி விட்டு, அரைவாசிக்குக் கள் ஊற்றினேன். புளித்த வாசனைக்கு வரும், விழும், ஏற முடியாது. காலையில் நான்கிலுமாக 17. இரண்டாம் இரவு மழைத் தண்ணீர் நிறைந்து எல்லாம் வெளியே வந்துவிட்டன. இன்று சிரட்டைக்கு மேல் சரித்து ஒரு ஓட்டுத் துண்டு வைத்திருக்கிறேன்.

கடையில் நத்தைக்குக் குளிசை இருக்கிறது என்றார்கள், மெற்றல்டிகைட். நாய்க்கு அது நஞ்சு. ஜிம்மி கண்டதை எல்லாம் நக்கும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

செண்பகப் பறவை ஒன்று கிணற்றடியில் பெரிய ஆபிரிக்க நத்தையைக் கொத்திக்கொண்டு நின்றது. அம்மாவை யன்னலடிக்குக் கூட்டிவந்து காட்டினேன். இந்தக் கிழமையில் முதல் தடவையாகச் சிரித்தார்.

நவம்பர் 23, சனி

இவை பகலில் எங்கே போகின்றன என்று இவ்வளவு நாளும் தேடவில்லை. இரவில் பிடிப்பதையே வேலையாக வைத்திருந்தேன். இன்று பாத்தியிலிருந்து ஆறடி தள்ளி அப்பா அடுக்கிய ஓடுகளில் ஒன்றைத் தூக்கினேன்.

அடியில் கறுப்பாக நெளிந்தது. இரண்டாவது ஓட்டில் அவித்த சவ்வரிசி போன்ற முட்டைகள். 60 வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.

1995 இடப்பெயர்வில் விட்டுப்போய்த் திரும்பி வந்தபோது பழைய வீட்டில் உடையாமல் கிடந்த ஓடுகள் அவை. அப்பா ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். புது வீட்டுக்குச் சீற் போட்டோம், ஓட்டுக்கு இடமே வரவில்லை. மாட்டுக்கொட்டிலுக்கு என்றார், பிறகு குசினித் தாழ்வாரத்துக்கு என்றார். அவர் போன பிறகு யாரும் கை வைக்கவில்லை.

இரண்டாவது நடை கொண்டுபோகையில் யன்னலிலிருந்து அம்மா கேட்டார். "அப்பாவின் ஓட்டை எங்கே பிள்ளை கொண்டு போகிறாய்?"

"மழை படாத இடத்துக்கு அம்மா. முன் விறாந்தைக்கு."

அது பொய் இல்லை. 212 ஓடுகள். ஒவ்வொன்றையும் தும்பால் தேய்த்து விறாந்தைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தேன். அப்பா துடைத்த மாதிரி வரவில்லை. சில ஓடுகளின் பின்புறத்தில் கரிக்கட்டியால் எண் போட்டிருந்தார். 14, 15, 16. அவை கூரையில் இருந்த வரிசையாக இருக்க வேண்டும். நான் அந்த ஒழுங்கில் வைக்கவில்லை. இனி மாற்ற முடியாது, கை தூக்க முடியவில்லை.

இரவு 9. முதல் தடவையாக ஒற்றை இலக்கம்.

நவம்பர் 26, செவ்வாய்

வெள்ளணு 1,900. ஒரு கிழமை தள்ளிவைத்துவிட்டார்கள். வரும் வழியெல்லாம் வெள்ளம். அம்மா ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 27, புதன்

மாவீரர் நாள். மழைக்குள்ளும் விளக்கேற்றினோம்.

நவம்பர் 28, வியாழன்

பாத்தி தண்ணீருக்குள். உயிர் தப்ப எல்லாம் மேலே ஏறுகின்றன. கிணற்றுக்கட்டு, பப்பாசி மரம், குசினிச் சுவர். அம்மாவின் யன்னல் கம்பியில் இரண்டு. கம்பியைச் சுடுதண்ணீரால் மூன்று தடவை கழுவினேன். போதுமா தெரியவில்லை. கை நடுங்குகிறது. கட்டிலை யன்னலிலிருந்து இழுத்துவிட்டேன், அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. பாத்தி அழுகல். தம்பி ரொறன்ரோவிலிருந்து எடுத்தான். "அக்கா, கடையில் வாங்கிக் கொடுங்கோவன்" என்றான். கடை வல்லாரையும் யாரோ ஒருவரின் பாத்தியில் வளர்ந்ததுதானே? அவனிடம் சத்தம் போட்டுவிட்டேன். அவனும் பாவம், அங்கே தனியாக இருந்து யோசிக்கிறான்.

டிசம்பர் 3, செவ்வாய்

4,100! ஏற்றினார்கள். நாலாவது.

டிசம்பர் 5, வியாழன்

குசினியில் பாலும் சீனியும் வைக்கும் மேசைக்கு எறும்பு ஏறாமல் ஆச்சி நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார். அது இன்று காலை பல் துலக்கும்போது ஞாபகம் வந்தது. ஏன் ஒரு மாதமாக வரவில்லை!

பழைய மேசையை முருங்கையடியில் போட்டேன். கால்களுக்கு நான்கு மா ரின்கள், உள்ளே உப்புத் தண்ணீர், மழையில் நிரம்பாதிருக்க மேலே தகரப் பாவாடை. பெட்டிக்குப் புது மண். நத்தை முட்டை இருக்கக் கூடாது என்று அதை அண்டாவில் போட்டு வறுத்தேன், புகையில் கண் எரிந்தது. அழுகலில் பிழைத்திருந்த ஏழு கொடிகளைத் தண்டு தண்டாகக் கழுவி நட்டேன். தண்ணீர் இனிக் காலையில் மட்டும், பின்னேரம் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நிற்கும்.

அம்மாவுக்கு இப்போது கொடுப்பதற்கு அல்ல. ஆறாவது முடிந்து, எண்ணிக்கை ஏறி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு. பொங்கலும் போய்விடும். அதுவரை வறை.

டிசம்பர் 9, திங்கள்

வறை சாப்பிட்டார். தேங்காய்ப்பூவைக் கூடப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகு புளி விட்டேன். "கசப்புத் தெரியவில்லை" என்றார். ருசி தெரியவில்லை என்கிறாரா, நன்றாக இருக்கிறது என்கிறாரா?

டிசம்பர் 11, புதன்

ஊரெங்கும் எலிக்காய்ச்சல் பேச்சு. அது வேறு நோய், நத்தைக்குத் தொடர்பில்லை. ஆனாலும் எலி எலிதான். வளவில் மட்டை, கோம்பை எல்லாவற்றையும் அள்ளி ஒதுக்கினேன்.

டிசம்பர் 13, வெள்ளி

விளக்கீடு. வாழைக்குற்றி நட்டுச் சிட்டி வைத்தேன். அம்மா விறாந்தைக் கதிரையில், அப்பாவின் ஓடுகளுக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் இருந்தார். ஓர் ஓட்டை எடுத்து மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். 31 என்று எழுதியிருந்தது.

பெட்டியில் புதிதாக ஆறு இலைகள், எல்லாம் முழு வட்டம்.

டிசம்பர் 15, ஞாயிறு

பெட்டியின் விளிம்பில் வெள்ளிக் கோடு போலக் காய்ந்த ஒரு தடம். ரின்களில் தண்ணீர் இருக்கிறது, தகரம் சரியாக இருக்கிறது. ரோச் அடித்துக்கொண்டு நாலு தரம் சுற்றினேன். முருங்கைக் கிளை ஒன்று மழைப் பாரத்தில் தாழ்ந்து மேசையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

விடிந்ததும் கத்தி எடுக்க வேண்டும்.