அது கேள்வியில இல்லையே, டீச்சர்

நான்கு தெரிவுகளில் தவறானவற்றை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு எஞ்சியதை விடையாகக் கொள்ளும் முறையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அது குறுக்குவழி என்று சொன்னவர்களோடு ஆசிரியர் அறையில் வாதாடியிருக்கிறேன். அப்போது சொன்னவற்றில் எதையும் இன்றும் திரும்பப் பெற மாட்டேன். ஆயினும், மலேசியத் தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படிக்கும் ஒன்பது வயது, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எனக்குச் சொன்ன ஒரு பதிலை அந்த வாதத்தில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த முறையை நாங்கள் ஏன் கையில் எடுத்தோம் என்பது தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய எவருக்கும் தெரியும். 1988 இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். என்னும் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வில் மலாய்மொழித் தாள்களில் குறைந்தது 'சி' பெறாத பிள்ளை, இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்கு நேராகப் போக முடியாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கேள்வி என்பது ஒரு மதிப்பெண் மட்டுமல்ல. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்காத தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கருமையாக்கினால் நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டு தெரிவுகளைத் தெளிவாக விலக்கிவிட்டால் இரண்டில் ஒரு வாய்ப்பு. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்லாமல் இருப்பதுதான் அநியாயம் என்று நினைத்தேன். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளைகளும் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளும் எப்படியும் இதைக் கற்றுக்கொள்வார்கள். பெற்றோர் இருவரும் மாறி மாறித் தொழிற்சாலை ஷிப்ட் பார்க்கும் பினாங்கு மாநிலத்தின் பிறை வட்டாரத்துப் பிள்ளைக்கு நான்தான் சொல்லியாக வேண்டும்.

கடைசி யு.பி.எஸ்.ஆர். 2019 இல் நடந்தது. 2020 இல் பெருந்தொற்றால் ரத்தானது. 2021 ஏப்ரலில் ஒரேயடியாக நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2019 முதல், படிநிலை ஒன்றில் தேர்வுகள் இல்லை. ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை வகுப்பறை மதிப்பீடு மட்டும்தான். ஆனால் தேர்வு போனபின்னும் பயிற்சித் தாள் போகவில்லை. நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதித் தேர்வு காத்திருக்கிறது, பெற்றோரும் கேட்கிறார்கள், கடைகளில் விற்கும் பயிற்சி நூல்களிலும் பக்கத்துக்குப் பக்கம் நான்கு தெரிவுகள்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக வந்த முறை இப்படித்தான் மூன்றாம் ஆண்டுக்கு இறங்கியது. ஒன்பது வயதில் இது தேவையா என்று கேட்டால், பத்து வயதில் திடீரென்று சந்திப்பதைவிட நல்லது என்பதே அன்று என் விடை. இன்றும் பெரும்பாலும் அதுதான்.

நான் கற்பிப்பது வெறும் ஊகம் அன்று. கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடிடச் சொல்வேன். பனுவலில் இல்லாததைச் சொல்லும் தெரிவை முதலில் வெட்ட வேண்டும்; பனுவலில் இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பொருந்தாததை அடுத்து வெட்ட வேண்டும்; 'எப்போதும்', 'எல்லாரும்', 'மட்டும்' போன்ற சொற்கள் வந்தால் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்; ஒரே பொருளை வேறு சொற்களில் சொல்லும் இரண்டு தெரிவுகள் இருந்தால் இரண்டுமே விடையாக இருக்க முடியாது. ஒவ்வொன்றை வெட்டும்போதும் எந்த வரியை வைத்து வெட்டினாய் என்று கேட்பேன். பிள்ளை விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் இது வாசிப்பேதான். சும்மா வாசித்துவிட்டுப் போகும் பிள்ளையைவிட, மூன்று தெரிவுகளை ஆதாரத்தோடு மறுக்கும் பிள்ளை பனுவலுக்குள் மூன்று முறை திரும்பிப் போகிறது. சரியாகச் செய்தால் என்று சொன்னேன். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், முப்பது நிமிடப் பாடவேளையில், எல்லா விரல்களையும் பார்க்க முடிவதில்லை. விரல் விடுபட்டபின் எஞ்சுவது விதிகள் மட்டுமே. 'ஏன்' என்று கேள்வி வந்தால் 'ஆல்' என்று முடியும் தெரிவைத் தேடும் பிள்ளைகளும் உண்டு. அதை நான் சொல்லித்தரவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அந்த மாணவன் இரண்டாம் ஆண்டு முழுக்கக் கருத்துணர்தல் தாளை வெறுமையாகத் தந்தவன். எழுத்துக்கூட்டி வாசிப்பான், வேகம் போதாது, பனுவலின் பாதியில் சோர்ந்துவிடுவான். வெட்டும் முறை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அடிமட்டத்தை வைத்துத் தெரிவின் மேல் நேர்க்கோடு போடுவான்; மூன்று கோடுகள் விழுந்ததும் நான்காவதைச் சுற்றி வட்டமிடுவான். சில வாரங்களில் பத்துக்கு ஏழு, எட்டு என்று வாங்கத் தொடங்கினான். எனக்குச் சந்தேகம் வந்தது. நம் பயிற்சிகளில் பெரும்பாலான பனுவல்கள் நன்னெறியில் முடிகின்றன. எந்தத் தெரிவு நல்ல பிள்ளையின் செயலைச் சொல்கிறதோ அதுவே விடை என்று பனுவலைப் பாராமலேயே கண்டுகொள்ளலாம். ஆகவே, அப்படிக் கண்டுகொள்ள முடியாத ஒரு பனுவலை நானே எழுதினேன்.

மாறன் என்னும் சிறுவன் பள்ளி முடிந்து வரும் வழியில் ஒரு பணப்பையைக் கண்டெடுக்கிறான். யாரிடமும் சொல்லாமல் புத்தகப்பையில் ஒளித்து வைக்கிறான். இரவில் திறந்து பார்க்கும்போது உள்ளே இருக்கும் படத்தில், தன் வீட்டுக்கு எதிரே காய்கறி விற்கும் பாட்டியைக் காண்கிறான். தூக்கம் வரவில்லை. மறுநாள் பாட்டி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் பணப்பையைக் கடை மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான். கேள்வி இதுதான்: மாறன் ஏன் யாரும் இல்லாத நேரத்தில் பணப்பையை வைத்தான்? ஏ, அவன் நேர்மையானவன் என்பதால். பி, தான் ஒளித்து வைத்திருந்தது தெரிந்துவிடும் என்று அஞ்சியதால். சி, அவன் நல்லெண்ணம் கொண்டவன் என்பதால். டி, அவன் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பவன் என்பதால்.

வகுப்பில் பாதிக்கு மேல் 'ஏ' என்று எழுதியது. அவன் 'பி' என்று எழுதியிருந்தான்.

எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அவனை மேசைக்கு அழைத்து, "எப்படிய்யா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். அவன் தாளைக் காட்டி நிதானமாக விளக்கினான். "டி-ல எப்போதும்னு இருக்கு டீச்சர், வெட்டிட்டேன். ஏ-வும் சி-யும் ரெண்டும் நல்ல பையன்னுதான் சொல்லுது. ரெண்டும் ஒண்ணா இருந்தா ரெண்டுமே இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப பி."

"சரி, கதையில என்ன நடந்துச்சு? சொல்லு."

சற்று யோசித்தான். பிறகு, எனக்குப் புரியவில்லையோ என்ற அக்கறையோடு, "அது கேள்வியில இல்லையே, டீச்சர்" என்றான்.

அந்தக் குரலில் துடுக்கு இல்லை. நான் தந்த வேலையை முடித்துவிட்டவனின் அமைதிதான் இருந்தது. மாறன் எதைக் கண்டெடுத்தான் என்று கேட்டேன், தெரியவில்லை. பாட்டி என்ன விற்றாள் என்று கேட்டேன், தாளைத் திருப்பித் தேடத் தொடங்கினான். தேடினால் கிடைத்திருக்கும், மணி அடித்துவிட்டது.

இதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். அவன் செய்ததைச் சிந்தனை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு தெரிவுகளின் பொருளை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று கண்டு, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது ஒன்பது வயதுக்குச் சிறிய காரியமா? நாம் உயர்நிலைச் சிந்தனை என்று பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருப்பது இதைவிட அதிகமாக என்ன கேட்கிறது? அதே வேளையில், 'ஏ' என்று எழுதிய பிள்ளைகளையும் நினைக்கிறேன். அவர்களில் பலர் கதையை முழுதாக வாசித்தவர்கள். ஒரு சிறுமி, மாறன் திருப்பிக் கொடுத்துவிட்டானே, பிறகு அவன் எப்படிக் கெட்டவன் ஆவான் என்று என்னோடு வாதிட்டாள். மாறனுக்காகப் பேசும் அளவுக்கு அவள் கதைக்குள் போயிருந்தாள். அவளுக்குச் சுழியம், கதையைத் தொடாதவனுக்கு ஒன்று. தாளை அமைத்தவள் நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல இடமில்லை. கேள்வியை வேறுமாதிரி அமைத்திருக்கலாம் என்பது உண்மை. ஆனால் வேறுமாதிரி அமைத்திருந்தால் அவன் வேறு வழியில் வந்திருப்பான் என்றே நினைக்கிறேன்.

குறைநீக்கல் வகுப்பு ஆசிரியையிடம் அவனைப் பற்றிப் பேசினேன். அவர் அவனை அழைத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். "வாசிக்கிறான் டீச்சர். மெதுவாத்தான், ஆனா வாசிக்கிறான். என்கிட்ட இருக்கிறதெல்லாம் எழுத்தே தெரியாத பிள்ளைங்க. இவன எந்தக் கணக்குல எடுக்கிறது?" என்றார். அவர் சொன்னது நியாயம். வாசிக்கத் தெரிந்தும் வாசிக்காத பிள்ளைக்கு எங்களிடம் தனியாக ஒரு வகுப்பு இல்லை.

வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவு நிலைகள் உண்டு. அவனுக்கு நான்கு என்று பதிந்தேன். கையிலிருந்த தாள்கள் அனைத்தும் நான்கு என்றன. அன்று மேசையருகே நடந்த உரையாடல் ஒன்றுதான் இரண்டு என்றது. தாளை நம்புவதா, உரையாடலை நம்புவதா என்று நெடுநேரம் யோசித்தேன். ஆசிரியரின் தொழில்முறைத் தீர்ப்புக்கு இடம் உண்டு என்று வழிகாட்டியிலேயே இருக்கிறது. இரண்டு என்று பதிந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும், நான் கற்றுக்கொடுத்ததை நான் சொன்னபடியே செய்த பிள்ளைக்கு அதற்காகவே நிலையைக் குறைப்பது எந்த வகையில் நேர்மை?

அறிக்கை அட்டை வாங்க அவன் அம்மா வேலைச் சீருடையோடு வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். "போன வருசம் தாளப் பையில மறைச்சு வச்சிருப்பான் டீச்சர். இப்ப கதவத் தொறக்கிறதுக்குள்ள ஓடி வந்து காட்றான்" என்றார். வீட்டில் தினமும் ஒரு கதையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். "சொல்றேன் டீச்சர்" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை நான் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அந்த மகிழ்ச்சி பாதியாகியிருக்கும். தாளை மறைக்காமல் காட்டும் பிள்ளையிடம்தான் அடுத்ததைக் கற்பிக்க முடியும் என்பதை நான் இன்றும் நம்புகிறேன். விளக்காமல் விட்டதால் அந்த அம்மா என் பேச்சை எல்லாப் பெற்றோரிடமும் சொல்லும் வழக்கமான அறிவுரையாக எடுத்துக்கொண்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இப்போது மூன்றாம் ஆண்டில் முதலில் பனுவலை மட்டும் தருகிறேன். கேள்விகள் இல்லாத தாள். வாசித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கதையைச் சொல்ல வேண்டும்; அதன் பிறகுதான் கேள்விகள். இதனால் பயிற்சிகளின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. மதிப்பெண்கள் கூடவும் இல்லை. கதையை மிக அழகாகச் சொல்லும் சில பிள்ளைகள், "டி-யும் நடந்திருக்கலாமே டீச்சர்" என்று எதையும் வெட்ட மறுக்கிறார்கள். அவர்களுக்கு வெட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான்காம் ஆண்டுத் தேர்வு அவர்களுடைய கற்பனைக்கு மதிப்பெண் தரப்போவதில்லை. ஆகவே அடுத்த மாதம் முதல் அந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக அதே விதிகளைக் கற்பிக்கப் போகிறேன். இரண்டு தெரிவுகள் ஒன்றாக இருந்தால் இரண்டையும் வெட்டு என்ற விதியை இம்முறை சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.