லிசியூ: மணிக்கும் துடைப்பத்துக்கும் நடுவே ஒரு திருப்பயணம்

பாரிசின் சேன் லசார் நிலையத்தில் கான் நகருக்குப் போகும் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் லிசியூ வந்துவிடும். நார்மண்டிப் பகுதியின் சிறிய ஊர். நிலையத்தை அடுத்த மேட்டில் பசிலிக்காவின் பெரிய கும்மட்டம் நிற்கிறது. வருகிறவர்களில் பலர் நேராக அங்கே ஏறி, மொசைக் ஓவியங்களைப் படம் எடுத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊரில் கன்னியராக வாழ்ந்த புனிதரான சிறுமலர் தெரேசா அந்தப் பசிலிக்காவைப் பார்த்ததே இல்லை. அவர் இறந்தது 1897 செப்டம்பர் 30. பசிலிக்காவின் கட்டுமானம் தொடங்கியது 1929இல், அர்ச்சிப்பு 1954 ஜூலை 11இல். அவர் இறைத்திருவுளத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து வாழ்ந்த இடம் கீழே, ஊருக்குள் இருக்கும் கார்மேல் சபைக் கன்னியரின் மடம். ஆகவே முதலில் மடம், கடைசியில் பசிலிக்கா என்று வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது.

மடத்துக்கு நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1888 ஏப்ரல் 9 அன்று, 15 வயதில், தெரேசா இதற்குள் நுழைந்தார். ஒன்பதரை ஆண்டுகள் கழித்து 24 வயதில் காசநோயில் இறக்கும்வரை வெளியே வரவில்லை. ஆலயத்தின் பக்கச் சிற்றாலயத்தில், கண்ணாடிக்குப் பின்னால், கார்மேல் உடையில் படுத்திருக்கும் உருவத்தைக் கண்டதும் பலர் அழியாத உடல் என்று நினைத்து மண்டியிடுகிறார்கள். அது சிலை. 1910 செப்டம்பர் 6இல் ஊர்க் கல்லறையிலிருந்து தோண்டியபோது எலும்புகளே இருந்தன. 1923 மார்ச் 26இல் அவற்றை மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருப்பண்டங்கள் இங்கே இருக்கின்றன. மேலே நிற்கும் மாதா சுரூபம்தான் 1883 பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, பத்து வயதுச் சிறுமியாக நோயில் கிடந்த தெரேசாவைப் பார்த்துப் புன்னகைத்தது என்று அவர் எழுதியது. இங்கே அவசரப்படாமல் அரைமணி நேரமாவது உட்காருங்கள்.

மடத்தின் உட்பகுதிக்குள் யாரும் போக முடியாது. இன்றும் கன்னியர் வெளியுலகிலிருந்து விலகி உள்ளேயே இருக்கும் அடைப்பு விதியோடு வாழ்கிறார்கள். அவருடைய அறையைப் பார்க்க வேண்டும் என்று வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஆனால் உள்ளே நடந்த அன்றாட வாழ்க்கை நமக்குத் தெரியாமல் போகவில்லை. அக்கா செலின் 1894 செப்டம்பரில் மடத்தில் சேர்ந்தபோது புகைப்படப் பெட்டியோடு வந்தார். அந்தக் காலத்துக் கார்மேல் மடத்தில் இது அபூர்வம். துணி துவைக்கும் கன்னியர், வைக்கோல் வாரும் கன்னியர், பூசைப் பொருள்களை ஆயத்தம் செய்யும் தெரேசா என்று அவர் எடுத்த படங்கள் மிஞ்சியிருக்கின்றன. கடையில் விற்கும் ரோஜாப்பூ ஓவியங்களைவிட இந்தப் படங்களில் பத்து நிமிடம் செலவிடுவது மேல்.

மடத்தின் நாள் இப்படி ஓடியது. கோடையில் 4.45க்கு எழும் மணி. 5 முதல் 6 வரை மௌனத் தியானம். 7க்குத் திருப்பலி, 8க்கு வேலை, 10 மணிக்குச் சாப்பாடு. பிற்பகலில் மறுபடியும் செபம், வேலை. மாலை 5 முதல் 6 வரை இரண்டாவது தியானம், 6க்கு இரவு உணவு, 9 மணிக்கு இரவுச் செபம். படுக்கப் பதினொன்று ஆகிவிடும். குளிர்காலத்தில் எழுவது ஒரு மணி நேரம் பிந்தும். ஆனால் மடம் முழுவதிலும் கன்னியர் குளிர்காய நெருப்பு இருந்த பொது அறை ஒன்றுதான். சாகக்கூடிய அளவுக்குக் குளிர் வாட்டியது என்பதைத் தெரேசா கடைசி நோயின்போதுதான் வெளியே சொன்னார்.

இந்த அட்டவணைக்குள் அவருக்குக் கிடைத்த வேலைகளைப் பாருங்கள். துணி அறையில் தையல், படிக்கட்டும் நடைவழியும் பெருக்குதல், உணவறையில் ரொட்டியும் தண்ணீரும் வைத்தல், பூசைப் பொருள் அறை, ஓவியம், வாயிற்காவலுக்குத் துணை; 1893 முதல் நவகன்னியருக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்து பயிற்சியில் இருப்பவர்களுக்கு, வழிகாட்டும் பொறுப்பில் உதவி. பெரும்பாலும் அவராகத் தேர்ந்தெடுத்தவை அல்ல. காலத்துக்குக் காலம் வேலையை மாற்றிவிடுவார்கள்.

கத்தோலிக்க ஆன்மிகத்தில் இறைத்திருவுளம் என்று சொல்லும்போது இரண்டைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். புனித பிரான்சிஸ் சலேசியார் இதைத் தெளிவாக எழுதியவர். ஒன்று, நமக்கு முன்பே தெரிந்த சித்தம்: கட்டளைகள், திருச்சபையின் ஒழுங்கு, அவரவர் வாழ்க்கை நிலைக்குரிய கடமை. மற்றது, நிகழ்ந்த பிறகே தெரியவரும் சித்தம்: நோய், இழப்பு, தாமதம், குறுக்கே வரும் மனிதர்கள். முதலாவதற்குச் செயல் வேண்டும். இரண்டாவதற்கு ஏற்பு வேண்டும். வரிசை முக்கியம். செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்று சொல்வது சரணாகதி ஆகாது. நிறுத்தக்கூடிய அநீதியை நிறுத்தாமல் அதற்கு இந்தப் பெயர் வைப்பதும் அப்படித்தான்.

மடத்தில் இரண்டும் சந்தித்த இடம் மணி. மணி அடித்ததும் கையில் இருப்பதை விட வேண்டும். எழுதிக்கொண்டிருந்தால் பாதிச் சொல்லில் பேனாவை வைத்துவிடுவார் என்று தெரேசாவோடு வாழ்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். செய்துபார்த்தால்தான் இதன் கடினம் புரியும்: வேலையை விடுவதுகூட எளிது, இன்னும் ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசையை விடுவதுதான் பாடு.

மணி அடிக்காமலே வரும் குறுக்கீடுகள் அடுத்த படி. 1897 ஜூனில், நோய் முற்றிய நிலையில், தோட்டத்துக் கஷ்கொட்டை மரங்களின் கீழே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தலைவி அன்னையின் சொற்படி, தம் வாழ்க்கை நினைவுகளின் கடைசிக் குறிப்பேட்டை எழுதினார். வைக்கோல் வாரப் போகும் சகோதரிகள் ஒவ்வொருவராக வந்து, பாவம் நோயாளிக்குப் பொழுது போகட்டும் என்று பேச்சுக் கொடுத்தார்கள். தொந்தரவு இல்லாமல் பத்து வரி சேர்ந்தாற்போல் எழுதியிருப்பேனா தெரியாது என்கிறார் அவர். பிறரன்பைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார்! எழுத்தை மூடிவைத்து, வந்தவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசினார். குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்வதோடு நிற்காமல், அது வரும் என்று எதிர்பார்த்தே உட்கார்ந்தார். எதிர்பார்த்திருந்தால் எரிச்சல் பாதியாகக் குறையும்.

புனித பேதுரு சகோதரி என்ற பெயர் கொண்ட கன்னியரின் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. நடக்க முடியாத அந்த முதியவர், மாலைத் தியானம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மணற்கடிகாரத்தை அசைத்துக் காட்டுவார். புறப்படலாம் என்று பொருள். தெரேசா தாமாக முன்வந்து ஏற்ற பணி இது, அதுவும் அவரைத் திருப்திப்படுத்துவது கடினம் என்று தெரிந்தே. முதலில் முக்காலியை அவர் சொல்லும் விதமாகத் தூக்க வேண்டும், அவசரம் கூடாது. பிறகு பின்னால் நடந்து இடைவாரைப் பிடித்துத் தாங்க வேண்டும். வேகம் கூடினால் விழப்போகிறேன் என்பார். மெதுவாகப் போனால் பிடிக்கிறாயா இல்லையா என்பார். உணவறையில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த முறையில் சட்டைக்கையை மடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் முடங்கிய கையால் ரொட்டியைக் கிண்ணத்தில் போட அவர் சிரமப்படுவதைத் தெரேசா ஒருநாள் கவனித்தார். அதன்பின் கேட்காமலே அதையும் செய்து, ஒரு புன்னகையும் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். அந்த முதியவரின் மனத்தைக் கவர்ந்தது கடைசியில் வந்த ரொட்டியும் சிரிப்பும்தான். கடமையை முழுக்கச் செய்தபின், எதிரே இருப்பவருக்கு இன்னும் என்ன குறை என்று பார்க்கும் அந்த அரை நிமிடத்தில்தான், சிறு செயல்களை அன்போடு செய்வது என்ற தெரேசாவின் “சிறு வழி” தொடங்குகிறது.

துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி கைக்குட்டையை அடிக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெரேசாவின் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி முகம் துடைத்தால் அவருக்கு உறைத்திருக்கும். இவர் நகரவில்லை. இன்னொரு நாள், இரவு மௌனம் தொடங்கியபின் தம் சிறு விளக்கை யாரோ தவறுதலாக எடுத்துப் போய்விட்டதைக் கண்டார், கேட்கவும் முடியாது. அன்றிரவு செய்ய நினைத்த வேலையை விட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்தார். இவற்றை அப்படியே நகல் எடுக்க வேண்டியதில்லை. முகத்தில் தண்ணீர் தெறித்தால் நகர்ந்து நிற்பதில் பாவம் ஒன்றும் கிடையாது.

மடத்திலிருந்து பழைய புனித பேதுரு பேராலயம் பக்கம்தான். தெரேசாவின் குடும்பம் திருப்பலிக்கு வந்த ஆலயம். தலைப் பீடத்துக்கான 10,000 பிராங்கை 1888இல் தந்தை லூயி மார்ட்டின் கொடுத்தார். கொஞ்ச நேரம் போதும். அங்கிருந்து மேட்டில் ஏறினால் லே புய்சொனே, தாய் இறந்தபின் 1877 நவம்பரிலிருந்து அவர்கள் குடியிருந்த வீடு. பார்வை நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்; பிரான்சில் நண்பகல் உணவு வேளையில் கதவு சாத்தியிருப்பது சகஜம்.

இந்த வீட்டில் கவனிக்க வேண்டியது பொம்மைகள் அல்ல, ஒரு மூன்று மாதக் காத்திருப்பு. மடத்தில் சேர அனுமதி கேட்டுத் தெரேசா தந்தையிடம் பேசினார், ஆயரிடம் போனார், 1887 நவம்பர் 20இல் உரோமையில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் முன் மண்டியிட்டு, பேசக் கூடாது என்ற தடையையும் மீறிக் கேட்டார். ஒப்புக்கொடுத்தல் என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆயரின் அனுமதி ஆண்டு முடிவில் வந்தது. ஆனால் தவக்காலம் முடியட்டும் என்று மடத்தில் தள்ளிப்போட்டார்கள். இனிக் கேட்க யாரும் இல்லை. அந்த மாதங்களைத் தளர்வாகக் கழிக்கலாம் என்று முதலில் தோன்றியதை அவரே எழுதுகிறார். பிறகு எடுத்த பயிற்சிகள் இவைதான்: நாக்கு நுனிவரை வந்த பதிலை விழுங்குவது, யாருக்கும் தெரியாமல் சிறு உதவி செய்வது, உட்காரும்போது முதுகைச் சாய்க்காமல் இருப்பது. ஊருக்குத் திரும்பிய பிறகு தொடங்க விரும்புகிறவர்களுக்கு முதல் இரண்டும் போதும்.

காலைக் காணிக்கைச் செபத்தைச் சொல்லும்போது “இந்நாளின் செயல்கள் அனைத்தையும்” என்று பொதுவாகச் சொல்லி முடிக்காமல், அன்றைக்கு மனம் ஒப்பாத ஒரே ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஒப்புக்கொடுங்கள்: மாமியாருக்கு மருந்து கொடுப்பது, அலுவலகத்தில் தள்ளிப்போட்ட கோப்பு. பகலில் ஏற்கெனவே ஒலிக்கும் ஒன்றை உங்கள் மணியாக வைத்துக்கொள்ளுங்கள். மூவேளைச் செபத்துக்கான கோவில் மணி கேட்கும் ஊராக இருந்தால் அதுவே சிறந்தது. அது ஒலித்ததும் கையை நிறுத்தி, ஒரு மூச்சு நேரம் ஆண்டவரை நினைத்து, அடுத்த கடமைக்குப் போங்கள். இரவில் நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையில் எத்தனை வெற்றி என்று எண்ணாதீர்கள். பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தெரேசாவும் சிறுமியாக இருந்தபோது கயிற்றில் கோத்த பாசிமணிகளை நகர்த்தி நற்செயல்களை எண்ணியவர். 1885 முதல் ஓராண்டுக்கும் மேலாகப் பாவ அச்சத்தால் வதைபட்டவர். 1895 ஜூன் 9இல் இரக்க அன்புக்குத் தம்மைக் காணிக்கையாக்கியபோது, வெறுங்கையோடு உம்முன் வருவேன், என் செயல்களை எண்ண வேண்டாம் என்றுதான் இறைவனிடம் கேட்கிறார்.

உணர்ச்சி வரவில்லையே என்று பயிற்சியை நிறுத்துவது அடுத்த தவறு. ஏழு ஆண்டுகளாகத் தியான நேரத்தில் தூங்கிவிழுந்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். தூங்கினாலும் விழித்தாலும் பிள்ளை பெற்றோருக்குப் பிடித்த பிள்ளைதான் என்று அமைதியடைந்தார். 1896 பாஸ்காவுக்குப் பின் விண்ணகம் உண்டா என்ற இருள் சாகும்வரை விடவில்லை. அந்த மாதங்களிலும் நவகன்னியரைக் கவனித்தார், செய்யுள் எழுதினார்.

இப்போது பசிலிக்காவுக்கு ஏறலாம். மேல்தளத்தைவிட அடித்தளச் சிற்றாலயத்துக்கு நேரம் கொடுங்கள்; தெரேசாவின் பெற்றோர் லூயி, செலி மார்ட்டின் தம்பதியரின் திருப்பண்டப் பேழை அங்கே. 2015 அக்டோபர் 18இல் இருவரையும் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்கள். மகள்களை மடத்துக்குக் கொடுத்த லூயிக்கு மூளை நோய் கண்டது. 1889 பிப்ரவரியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் கான் நகர மனநோய் மருத்துவமனையில் இருந்தார். ஊரில் பேச்சு எழுந்தது. மகள் மடத்தில் சேர்ந்ததுதான் காரணம் என்றும் சொன்னார்கள். அடைப்புக்குள் இருந்த தெரேசாவால் போய்ப் பார்க்க முடியவில்லை. செய்வதற்கு எதுவும் மிஞ்சாத நிலை இது. வீட்டில் மறதிநோயாளியை வைத்துப் பார்ப்பவர்கள் இந்தப் பேழை முன் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பார்கள்.

செப்டம்பர் கடைசி வாக்கில் தெரேசாவின் திருப்பண்டப் பேழையை ஊர்வலமாகப் பசிலிக்காவுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த வாரம் கூட்டம் அதிகம், தங்குமிடத்தை முன்பே சொல்லிவைக்க வேண்டும். அமைதி வேண்டுமானால் வேறு மாதத்தில், வார நாளில் வாருங்கள். எந்த மாதமானாலும் குடையும் சறுக்காத செருப்பும் தேவை. ஊர் முழுக்க மேடு பள்ளம், நார்மண்டி மழைக்கு நேரம் காலம் கிடையாது. பிறந்த வீட்டையும் பார்க்க நினைத்தால் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் இருக்கும் அலன்சோனுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். லேஸ் பின்னல் தொழில் நடத்தி, ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்த செலியின் வீடு அது.