ஆற்றங்கரையும் அதற்கு மேலே உள்ள கால்வாயும்

மாலையில் சிங்கப்பூர் ஆற்றின் போட் கீ கரையோரம் நடக்கும்போது, 'நீடித்த நிலைத்தன்மை' என்ற சொற்றொடரை மேம்பாட்டு விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கிறேன். கூரைத் தோட்டமும் சூரியத் தகடும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். என் முதல் கேள்வியோ, இந்தக் கரைக்கு வந்து சேரும் நீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்பதுதான்.

1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைத் திறந்துவைத்த பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வர வேண்டும் என்றார். பொறுப்பேற்ற அதிகாரிகள் முதலில் கரையை அழகுபடுத்த முனைந்திருந்தால் அந்தப் பணம் சேற்றோடு போயிருக்கும். பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவும், சாக்கடை இணைப்பில்லாத குடியிருப்புகளின் மலநீரும், தெருவோர அங்காடிகளின் எச்சமும் மேலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தன. எனவே பண்ணைகள் அகற்றப்பட்டன, சுமார் 26,000 குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன, அங்காடி வியாபாரிகளுக்கு உணவங்காடி நிலையங்களில் கடைகள் கிடைத்தன. ஆற்றடிச் சேற்றை அள்ளியதும் கரையில் மரம் நட்டதும் அதற்குப் பிறகு வந்த வேலைகள்.

ஆற்றைத் தூய்மையாக்கிய இந்த வெற்றியை முழு மனத்தோடு கொண்டாட எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 1983இல் ஆற்றில் இருந்த நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகள் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள பாசிர் பாஞ்சாங்கிற்கு மாற்றப்பட்டன. தொடக்க காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்களும், பின்னர் சீனப் படகோட்டிகளும் செய்து வாழ்ந்த தொழில் அது. 1989இல் போட் கீயின் கடைவீடுகள் மரபுடைமையாகப் பாதுகாக்கப்பட்டபோது, மூட்டை இறக்கிய கைகள் அங்கே இல்லை. கொள்கலன் கப்பல்கள் அத்தொழிலை எப்படியும் நலிவடையச் செய்திருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் சுவரைக் காத்ததை மட்டும் வைத்து ஓர் இடத்தைக் காத்ததாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

2008இல் கடல் முகப்பில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பின் கணக்கு வேறாயிற்று. கடல் தாழ்ந்திருக்கையில் 9 மதகுகள் இறங்கி மழைவெள்ளத்தை வெளியேற்றுகின்றன. கடல் உயர்ந்திருந்தால் பெரும் இறைப்பான்கள் அவ்வேலையைச் செய்கின்றன. உப்பு மெல்ல நீங்கி முகத்துவாரம் நன்னீர்த் தேக்கமாயிற்று. தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கிலிருந்து மழைநீர் அங்கு சேர்கிறது. நகரம் தன் ஆற்றையே குடிக்கத் தொடங்கிவிட்டதால், எங்கோ ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே கால்வாயில் வீசப்படும் பொட்டலமும் குடிநீர்ச் செலவில் வந்து நிற்கிறது. தினந்தோறும் குப்பை அரிக்கும் படகுகளுக்கான செலவைத் தட்டிக்கழிக்க முடியாத நிலை இப்படித்தான் உருவானது.

ஆகவே நீர்முகப்பு மேம்பாட்டைப் பார்க்க யாராவது வந்தால், மரினா பேக்கு முன்னால், காலாங் ஆற்றின் மேல்பகுதியிலுள்ள பீஷானுக்கு அழைத்துச் செல்வேன். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாய், 2012இல் புல்லும் கல்லுமான 3.2 கிலோமீட்டர் ஆறாக வளைந்து ஓடத் தொடங்கியது. பெருமழையில் நீர் புல்வெளியில் பரவ, எச்சரிக்கை ஒலி கேட்டு மக்கள் மேட்டுக்கு ஏறி நின்று பார்க்கிறார்கள்.