ஒரே சுழட்டில் பத்துதே

தன் பழைய உழவு இயந்திரத்தைக் காட்டி ஐயா கேட்டது சின்னக் கேள்விதான். "தம்பி, ஒரே சுழட்டில பத்துதே, பிறகேன் திறப்பான்?"

கையில் இருந்த, டீசலைத் தூவும் நொசிலில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்: "பத்தும் ஐயா, ஆனால் இழுக்காது. திறந்தால்தான் தெரியும்."

2022 மாரிக்கு முன்னான நாட்கள். இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூ.ஆர். காட்டி டீசல் வாங்கிய வருடம். உழவுக் கூலி ஏறியதும் மரத்தடிகளில் கிடந்த பழைய இயந்திரங்களை எல்லாம் எங்கள் கராஜுக்கு இழுத்து வந்தார்கள். ஐயாவின் மெசி 135 பத்து வருடமாகப் பாலைமரத்தின் கீழ் நின்றது. தாங்கியைக் கழுவி, பில்டர்களை மாற்றி, பம்பில் எயார் எடுத்து, புது பற்றரி போட்டோம். பத்தியது. சும்மா நிற்கும்போது மணிபோல ஓடியது. கலப்பையை மண்ணில் இறக்கினால் மட்டும் கரும்புகை கக்கி மூச்சடைத்து நின்றது. நொசில்களைச் சோதித்தேன், பழுதில்லை. அப்படியென்றால் பிஸ்டன் ரிங்தான், அது போய்க் கொம்பிரசன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு, குறைந்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

ஏன் அப்படி நினைத்தேன்? நான் தொழில் பழகியது தொண்ணூறுகளில், போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள். டீசல் இல்லாமல் எதை எதையோ கலந்து ஓட்டிய எஞ்சின்கள்தான் எங்களிடம் வந்தன. எதைத் திறந்தாலும் உள்ளே தேய்ந்துபோய்த்தான் இருக்கும். திறக்கிற கை அப்போது வந்தது. இதை ஒரு சாட்டாகச் சொல்கிறேனோ தெரியவில்லை.

வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல், நீலம் என்றால் ஓயில், கறுப்பு என்றால் டீசலுக்குக் காற்றுப் போதவில்லை. கராஜில் நிற்கும் பெடியனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கொம்பிரசன் போன டீசல் எஞ்சின் விடிய வெள்ளன ஒரே சுழட்டில் பத்தாது. ஐயா அதைத்தான் தன் பாட்டில் சொன்னார். நான் அதை வயது போன மனிதர் காசுக்குப் பயந்து கேட்கிற கேள்வியாக எடுத்துக்கொண்டேன்.

ஹெட்டைக் கழற்றி, அடியில் ஓயில் நிற்கும் சம்பை இறக்கி, பிஸ்டன்களை மேலே தள்ளி எடுத்தோம். மூன்றாவது பிஸ்டனில் ஒரு ரிங் இறுகிக் கிடந்தது. அதைக் கண்டதும் வந்த ஆறுதல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சரி, நான் பிழைவிடவில்லை. புது ரிங், புது கஸ்கற், எல்லாம் பூட்டி வயலில் இறக்கினால் அதே கரும்புகை.

பெடியன்தான் எயார் கிளீனரில் இருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டான். எஞ்சின் உறுமி எழும்பியது. குழாய்க்குள் குளவி கட்டிய மண்கூடு, முக்கால் வாசி அடைத்தபடி. எயார் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழுவி ஓயில் மாற்றியவன் நான், இரண்டு திருகாணி தள்ளி இருந்த குழாய்க்குள் பார்க்கவில்லை.

இறுகிய ரிங் என்றைக்கோ ஒருநாள் வேலைகாட்டியிருக்கும். ஆனால் ஐயா வருடத்துக்கு ஒரு போகம், ஆறு ஏக்கர் உழுகிறவர். அந்த ரிங்கோடே அவர் காலம் போயிருக்கவும் கூடும். நாங்கள் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்த கிழமையில் மழை இறங்கிவிட்டது. மழைக்கு முன் விதைக்கும் புழுதி விதைப்புத் தவறி, கடைசியில் கூலி மெசினைத்தான் பிடித்தார். எதற்குப் பயந்து பழசை எழுப்பினாரோ அந்தக் கூலியையே கொடுத்தார்.

அவரிடம் நான் சொன்னது இதுதான்: "ரிங்கும் போயிருந்தது ஐயா, காற்றும் அடைச்சிருந்தது." பொய் இல்லை. எதை முதலில் சொன்னேன் என்பதுதான் இரவில் உறுத்துகிறது. என் கூலியில் கொஞ்சம் குறைத்தேன். ஏன் குறைக்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

போன மாதம் ஒருவர் பழைய லாண்ட்மாஸ்டர் இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். ஐயாதான் அனுப்பினாராம்.

"உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். மற்றவங்கள் மாதிரி மேலால பார்க்க மாட்டீங்களாம், திறந்து பார்த்துத்தான் செய்வீங்களாம்."