கடவுச்சொல்லை மாற்றியும் கணக்கு ஏன் மறுபடி பறிபோகிறது?

கணக்கு ஹேக் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பழைய கடவுச்சொல்லின் வாலில் ஓர் ஆச்சரியக்குறியும் நடப்பு ஆண்டும் சேர்த்துப் புதிதாக்கிவிட்டு நிம்மதியாகிவிடுவது. கொஞ்ச நாளில் அதே கணக்கு மறுபடி போகும்.

ஒருமுறை உள்ளே வந்தவன், அடுத்த முறை வருவதற்கு ஒரு கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போயிருப்பான். அந்தக் கதவு பெரும்பாலும் மின்னஞ்சலில் இருக்கும். மற்ற கணக்குகளின் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' இணைப்பெல்லாம் அங்கேதானே வந்து விழுகிறது! அதனால் பறிபோனது ஃபேஸ்புக்காக இருந்தாலும் இன்ஸ்டாகிராமாக இருந்தாலும் மின்னஞ்சலையும் சேர்த்தே பாருங்கள்.

வைரஸ் புகுந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் கணினியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். புதுக் கடவுச்சொல்லும் அப்படியே திருடனுக்குப் போய்ச் சேரும். நம்பிக்கையான வேறொரு சாதனத்தில் கடவுச்சொல்லை மாற்றி, உள்நுழைந்திருக்கும் மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்தவர் என்று தளத்துக்குச் சொல்லும் சிறு கோப்புதான் குக்கி. பிரவுசரில் இருக்கும் அதைத் திருடியவனுக்குக் கடவுச்சொல்லும் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. வெளியேற்றினால்தான் அந்தக் குக்கி செல்லாக்காசாகும்.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் இடம். ஜிமெயில் என்றால் செயலியில் வேண்டாம், பிரவுசரில் திறந்து பாருங்கள். செட்டிங்ஸில், வரும் மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் 'ஃபார்வர்டிங்' பகுதியில் உங்களுக்குத் தெரியாத முகவரி இருக்கிறதா? பிறகு 'ஃபில்டர்ஸ்' பகுதி. 'பாஸ்வேர்ட்', 'செக்யூரிட்டி' போன்ற சொற்கள் வரும் மடல்களைப் படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்பும்படி ஒரே ஒரு ஃபில்டர் போட்டுவிட்டால் போதும், எச்சரிக்கை மடல் எதுவும் உங்கள் கண்ணில் படாது. கடவுச்சொல்லை நூறு தடவை மாற்றினாலும் ஃபில்டர் அசையாது. மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், 'கூகுள் மூலம் நுழை' என்று எப்போதோ அனுமதி கொடுத்த செயலிகள் ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, முதல் தடவை எப்படிப் போனது? யாரோ உட்கார்ந்து யூகித்திருக்க மாட்டார்கள். நீங்கள் மறந்தே போன ஏதோ ஒரு தளம் கசிந்திருக்கும், அங்கே கொடுத்த அதே சொல்லை மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பீர்கள். 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து சுமார் 65 லட்சம் கடவுச்சொல் ஹேஷ்கள், அதாவது கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் கணக்கிட்டு மாற்றிவைத்த குறியீடுகள், வெளியே வந்தன. 2016இல் பார்த்தால் அதே கசிவின் எண்ணிக்கை 11.7 கோடி. ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் தனித்தனியாகக் கலக்கும் 'சால்ட்' என்ற எழுத்துக்கோவை சேர்க்காத, எஸ்ஹெச்ஏ-1 என்ற வேகமான ஹேஷ் முறை என்பதால் உடைப்பதும் எளிது. அப்படி உடைத்த பட்டியலை நிரல் ஒன்றிடம் கொடுத்து, தளம் தளமாக முயன்று பார்ப்பார்கள்.

உடைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துகளில் மொத்தம் சுமார் 20,900 கோடி சேர்க்கைகள். கேட்கப் பெரிதுதான். எம்டி5 போன்ற பழைய ஹேஷ் என்றால் இன்றைய உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் முயலும். இரண்டு மூன்று நொடியில் கதை முடிந்தது. தளம் எந்த ஹேஷைப் பயன்படுத்துகிறது என்பது உங்கள் கையில் இல்லை. நீளமும், ஒரு தளத்துக்கு ஒரு சொல் என்பதும்தான் உங்கள் கையில்.

மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு: எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டி வைக்கும் செயலியான பாஸ்வேர்ட் மேனேஜருக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று. இரண்டுக்கும் டைஸ்வேர் முறை நல்லது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஐந்து தடவை பகடை உருட்டி, கிடைக்கும் ஐந்திலக்க எண்ணுக்கு நேரே இருக்கும் சொல் என்று ஆறு சொற்கள் தேர்ந்தெடுங்கள். 'இந்தச் சொல் நன்றாக இல்லை' என்று மாற்றத் தொடங்கினால் பகடை உருட்டியதே வீண். மற்ற தளங்களுக்கெல்லாம் மேனேஜரே 20 எழுத்தில் உருவாக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிற பழக்கமும் வேண்டாம். தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பே 2017இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. கசிந்தது தெரிந்தால் மாற்றினால் போதும்.

இரண்டாம் அடுக்காக எஸ்எம்எஸ் ஓடிபி இருப்பது ஒன்றுமே இல்லாததற்கு மேல். ஆனால் உங்கள் கைபேசி எண்ணையே மோசடிக்காரன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளலாம். ட்விட்டரை நடத்திய ஜாக் டோர்ஸியின் ட்விட்டர் கணக்கே 2019 ஆகஸ்டில் அப்படித்தான் பறிபோனது. 30 நொடிக்கு ஒருமுறை புது ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதன்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். மாறிய கையோடு, கைபேசி இல்லாதபோது நுழைய கூகுள் தரும் பத்து பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கைபேசியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், கைபேசி தொலைந்த அன்று அதுவும் சேர்ந்து தொலையும்.

போலித் தளத்தில் அந்த ஆறு இலக்கத்தைத் தட்டினால் ஆதன்டிகேட்டரும் காப்பாற்றாது. அவர்கள் அதே நிமிடம் அசல் தளத்தில் அதைப் போட்டு நுழைந்துவிடுவார்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் சாதனமே வைத்திருக்கும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ அப்படி ஏமாறாது, அது தளத்தின் முகவரியோடு பிணைந்தது. பாஸ்கீ வசதி இல்லாத தளத்தில் மேனேஜரைக் கவனியுங்கள், அது அசல் முகவரியில்தான் கடவுச்சொல்லை நிரப்பும். வழக்கமாகத் தானே நிரப்புவது திடீரென்று நிரப்பாமல் நின்றால், எரிச்சலில் காப்பி செய்து ஒட்டிவிடாதீர்கள். முகவரிப் பட்டையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.