கருப்பனுக்கு ரேபிஸ் ஊசி போட்ட அனுபவம்

எங்கள் நாய்க்குட்டி கருப்பன் வீட்டுக்கு வந்தபோது பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். மற்ற தடுப்பூசிகளுக்கும் குடற்புழு மருந்துக்கும் நாள் குறித்துக் கொடுத்தவர், ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசிக்கு மட்டும் "பன்னிரண்டு வாரம் முடியட்டும்" என்றார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடம்பில் கொஞ்ச காலம் இருக்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால் மருந்து சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதனால்தான் இந்தக் காத்திருப்பு.

அதுவரை அவனைத் தெருவில் இறக்கிவிடவில்லை. அந்த நாட்களில் நாங்கள் செய்த ஒரு வேலை பின்னால் நன்றாகவே கைகொடுத்தது. தினமும் பிடரித் தோலை மெதுவாகத் தூக்கிப் பிடிப்பது, காதைத் தொடுவது, வாயைத் திறந்து பார்ப்பது என்று பழக்கினோம். ஊசி குத்துவதைவிட முன்பின் தெரியாத கை இறுக்கிப் பிடிப்பதுதான் பல நாய்களை மிரள வைக்கிறது.

ஊசி போடும் நாளில் மருத்துவர் முதலில் காய்ச்சல் பார்த்தார், ஈறைப் பார்த்தார், சாப்பாடு, மலம் எல்லாம் ஒழுங்கா என்று கேட்டார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது. அப்புறம் குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தார். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். உறைந்துபோனாலும் வீண், வெயில் பட்டாலும் வீண். காலாவதித் தேதியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் காட்டினார். எல்லோரும் கேட்க வேண்டும் என்றே சொல்வேன். இத்தனை சின்னக் குட்டிக்கு மருந்தைக் குறைத்துப் போடக்கூடாதா என்றும் கேட்டேன். பெரிய நாயோ சின்ன நாயோ, ஒரே அளவுதானாம். பிடரித் தோலைத் தூக்கி ஊசியை ஏற்றி முடித்தபோது கருப்பன் என் விரலை நக்கிக்கொண்டிருந்தான். குப்பியில் ஒட்டியிருந்த சீட்டை உரித்து அட்டையில் ஒட்டினார்: மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி. பக்கத்தில் அடுத்த ஊசிக்கான நாள், கையெழுத்து.

உடனே கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். ஒவ்வாமை வருவது அபூர்வம். ஆனால் முகம் வீங்கினால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே மருத்துவர் கையில் இருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. அன்று மாலை சோர்ந்து படுத்தான், பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டான். ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவுக்குக் கட்டி தெரிந்தது, தானாகவே கரைந்துவிட்டது.

ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. முதல் ஊசிக்குப் பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரைக்கும் அதே கவனம் வேண்டும். ஒரு வருடத்தில் பூஸ்டர், அதாவது பாதுகாப்பைப் புதுப்பிக்கப் போடும் மறு ஊசி. அதற்குப் பிறகு வருடா வருடமா, மூன்று வருடத்துக்கு ஒருமுறையா என்பது மருந்தையும் அங்குள்ள சட்டத்தையும் பொறுத்தது. குட்டியில் போட்டாயிற்றே என்று பூஸ்டரை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு எதுக்கு ஊசி?" என்று உறவினர்கள் கேட்டார்கள். கதவு ஒரு நாள் திறந்து கிடந்தால் போதும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய் மூலமாகத்தான் வருகிறது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். அந்தக் கணக்கில் வீட்டு நாயும் உண்டு.

பூஸ்டருக்குப் போனபோது மருத்துவர் முதலில் கேட்டது அட்டையைத்தான். அதை வைத்துத்தான் ஊசி தொடர்ந்து போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியிலும் வைத்திருக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறோம்: ஊசி போட்ட நாயே கடித்தாலும், கீறினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.